தமிழகம் செல்வது எவ்வழி?

விடுமுறையில் பிள்ளைகளுடன் தமிழகம் செல்ல விழையும் பெற்றோர் சிலர், எவ்வழி சிறந்ததென எம்மை வினவுகின்றனர்.

முன்னாளில் நம் தோட்டத்து மக்கள் கப்பலையே நம்பியிருந்தனர். 1926இல் கட்டப்பெற்ற ‘ரஜூலா’ 1973இல் ஓய்ந்தது. அடுத்து வந்த ‘சிதம்பரம்’ கப்பலின் பயணிகள் சேவையும் 1985இல் மூண்ட தீயோடு முடிவுற்றது. ஏறத்தாழ ஒரு வாரம் கடலில் கழித்தோர், பயணத்திற்கெனப் பல்லாண்டு சேமித்தே புறப்பட்டனர்.

இன்று சிரம்பானுக்கு அண்மையிலுள்ள சிப்பாங்கில் விமானம் ஏறினால், ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் சென்னையிலோ திருச்சியிலோ இறங்கலாம். சென்னைச் சீட்டு மலிவென்று விரைந்து வாங்குதல் கூடாது. உறவினர் தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதியினராயின் திருச்சியே ஏற்றது. சென்னையிலிருந்து திருச்சி 300 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. இரயில் கட்டணம், தங்கும் செலவு, முதியோரின் களைப்பு யாவற்றையும் கூட்டிப் பார்த்தல் வேண்டும்.

மற்றொன்றையும் கணக்கிற் சேர்த்திடுக. விடுமுறைக்கு முன்பின் சீட்டு விலை குறைவென்று பிள்ளைகளைப் பள்ளியினின்று நிறுத்தி அழைத்துச் செல்வோர் உளர். சீட்டில் மிச்சமாகும் பணம், தவறவிட்ட பாடங்களுக்கு ஈடாகுமோ? அடுத்த விடுமுறைவரை காத்திருந்து, சேமித்துச் செல்லுங்கள். உறவினர் காத்திருப்பர், கல்விப் பருவமோ காத்திராது.