ஊறியது எங்கே?

"தோட்டத்துத் தமிழனுக்குக் கள் இரத்தத்திலேயே ஊறியது" என்று கூறுவோர் இன்றும் உளர். ஈஜோக், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை முதலிய கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்ட மக்களைப் பற்றிப் பேச்செழுந்தால், கற்றவரும் கூசாமல் இவ்வசையைக் கூறுகின்றனர். இதனைச் சற்று ஆராய்வோம்.

ஊறுதல் என்பது யாது? தென்னம்பாளையைச் சீவினால் வடிவது இனிய நீரே. அதில் வெறி இல்லை. பாளையிலும் கலயத்திலும் ஒட்டியிருக்கும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் அந்நீரிலுள்ள சர்க்கரையை உண்டு, சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகிறது. சில மணி நேரத்தில் நுரை பொங்கிக் கள்ளாகிறது. இது உயிருள்ள பொருளின் வேலையே என்பதைப் பிரெஞ்சு அறிஞர் பாஸ்டர் 1857 முதல் நடத்திய ஆராய்ச்சிகளால் நிலைநாட்டினார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினாலோ, அந்நுண்ணுயிர் அடங்கி, அதே நீர் பதநீராய் நிற்கிறது. ஆகவே வெறி மரத்தின் பிறவிக் குணமன்று. புறத்தே இருந்து வந்து சேர்ந்தது.

மனிதன் காரியமும் இத்தகையதே. ரப்பர் தோட்டத்தில் லயத்துக்கருகே கள்ளுக்கடை தானாக முளைத்ததா? உரிமம் தந்தது அக்காலச் சர்க்கார். இடம் தந்தவர் துரைமார். "சம்சுவைவிடக் கள் நல்லது, அதில் சத்தும் உண்டு" என்று அவர்கள் நியாயமும் பேசினர். ஈஸ்டில் பி வைட்டமின்கள் உண்டென்பது மெய்யே. அச்சத்துக்கு ஆப்பமும் ரொட்டியும் போதாவோ? அடுப்பங்கரையில் ஆப்பமாவைப் பொங்கச் செய்து குழந்தைகளின் பசியைத் தீர்க்கும் அதே ஈஸ்ட், கடைக்குப் போனதும் தகப்பன் கூலியைக் கரைத்து அவர்களைப் பட்டினி போடுகிறது. குற்றம் நுண்ணுயிரினுடையதா, கடை வைத்தவருடையதா?

இரத்தத்தில் ஊறியதென்றே கொள்வோம். அங்ஙனமாயின், 1941-இல் அண்டைய கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடுமாறும் ஏன் கோரினர்? அவர்தம் தலைவர் ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார்; துப்பாக்கிக்குத் தொழிலாளர் உயிரிழந்தனர். போதையை விரும்பிப் பிறந்தவனா போதைக்கடையை மூடச்சொல்லி இத்துணைத் துன்பத்தை ஏற்பான்?

இன்று ரப்பர் நின்ற நிலத்திற் பெரும்பகுதி செம்பனைக்குப் போயிற்று, தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன, மக்கள் சிதறினர். பழைய வசை மட்டும் சிதறவில்லை. மலிவு மதுவுக்கு இரையாகும் இளைஞனைக் கண்டதும் அவன் குலத்தை இகழ்வது எளிது. அவனுக்கு வேலையும் கல்வியும் கிடைத்தனவா என்று கேட்பதே கடினம்.

தோழர்களே! பாளையைப் பழிப்பதை நிறுத்துங்கள். நியாயமான கூலி, நல்ல பள்ளி, நூல் நிலையம், தொழிற்சங்கம் ஆகிய இவையே நாம் தடவ வேண்டிய சுண்ணாம்பு. அதைத் தடவ மறுப்போர்க்குக் கலயம் புளித்ததென்று முகஞ்சுளிக்க உரிமை ஏது?