சூப்பர் கம்ப்யூட்டரைத் தொட பழைய லேப்டாப் போதும்!

பீர்க்கன்கரணையில் காலை நேரத்தில் ஜி.எஸ்.டி. சாலையோரம் நின்றால், கல்லூரிப் பேருந்துகள் வரிசைகட்டிப் போவதைப் பார்க்கலாம். அதில் போகும் பிள்ளைகள் கடைசி வருடம் வந்ததும், "அப்பா, ஏ.ஐ. ப்ராஜெக்ட்டுக்குப் பெரிய லேப்டாப் வேணும்" என்று கேட்பார்கள். இ.எம்.ஐ.யில் கையெழுத்துப் போடும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்க காலேஜ்ல ஹெச்.பி.சி. வசதி இருக்கா?"

பல கணினிகளை இணைத்து, ஒரே வேலையைப் பிரித்து வேகமாகச் செய்யும் அமைப்புதான் ஹெச்.பி.சி. திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே 25 அன்று தொடங்கப்பட்ட 'பரம் பொருள்' இந்த வகைதான். தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தில் சி-டாக் நிறுவனத்துடன் சேர்ந்து அமைத்தார்கள். திறன் 838 டெராஃப்ளாப்ஸ். அதாவது, நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள்!

இப்படி ஒரு கணினியின் முன்னால் போய் உட்கார வேண்டியதில்லை. இணையம் வழியே நுழையலாம். கணக்கெல்லாம் அங்கே நடக்கும்; உங்கள் லேப்டாப் வெறும் ஜன்னல்தான்.

எப்படித் தொடங்குவது?

* முதலில் ப்ராஜெக்ட் கைடிடம் பேசுங்கள். பொதுவாக அவர் ஒப்புதலோடுதான் கணக்கு கிடைக்கும். பாஸ்வேர்டை நண்பருக்குக்கூடக் கொடுக்காதீர்கள்.

* லினக்ஸ் அடிப்படை பழகுங்கள். ஃபைலைத் திறக்க, நகலெடுக்க, நகர்த்தத் தெரிந்தால் ஆரம்பிக்கலாம்.

* உள்ளே நுழைந்ததும் வருவது 'லாகின் நோடு'. அங்கேயே ப்ரோக்ராமை ஓட்டாதீர்கள். ஆஸ்பத்திரியில் டோக்கன் கவுன்ட்டரிலேயே ஆபரேஷன் செய்ய முடியுமா? எல்லோருக்கும் வேகம் குறையும்.

* வேலையை 'ஸ்லர்ம்' போன்ற மென்பொருளிடம் ஒப்படைக்க வேண்டும். எத்தனை கோர், எவ்வளவு மெமரி, எவ்வளவு நேரம் என்று சொன்னால், அது வரிசையில் சேர்க்கும். அதிகமாகக் கேட்டால் காத்திருப்பு நீளும். நேரத்தைக் குறைத்துக் கேட்டால் பாதியிலேயே நின்றுவிடும். அதனால் சின்ன டேட்டாவில் ஓட்டிப் பார்த்து, கொஞ்சம் கூட்டிக் கேளுங்கள்.

* 'ஸ்கிராட்ச்' பகுதியில் வைக்கும் ஃபைல்கள் சில நாள்களில் அழிக்கப்படலாம். முடிவுகளை உடனே நகலெடுத்துவிடுங்கள்.

கல்லூரியில் வசதி இல்லையா? வேறு கல்வி நிறுவனத்தின் மூலம் பெற முடியுமா என்று கைடிடமே கேளுங்கள். சின்ன ப்ராஜெக்ட்டுக்கு கூகுள் கோலாப் இலவசமாகவே கிடைக்கிறது, சில வரம்புகளோடு.

'சூப்பர் கம்ப்யூட்டர் எல்லாம் விஞ்ஞானிகளுக்குத்தான்' என்று முதல் தலைமுறைப் பட்டதாரிகள் ஒதுங்கிவிட வேண்டாம். மாணவர்களுக்கும் சேர்த்துத்தான் அது வாங்கப்பட்டிருக்கிறது. கேட்டால் கடன் மிச்சம்!