சேமநிதிக்கு வழிகாட்ட வருகிறவர் யார்?



அண்மையில் கோல சிலாங்கூர் வட்டாரப் பள்ளி ஒன்றில் நடந்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திற்குச் சென்றிருந்தேன். கூட்ட முடிவில் 'பணி ஓய்வுத் திட்டமிடல் வல்லுநர்' என ஒருவரை அறிமுகப்படுத்தினார்கள். பெயருக்குப் பின்னால் நான்கைந்து எழுத்துகள். சேமநிதியில் "சும்மா கிடக்கும்" பணத்தை வளர்த்துத் தருவதாகப் பேசினார். முன்வரிசையில் அமர்ந்திருந்தவர்கள் செம்பனைத் தோட்டங்களில் முப்பது ஆண்டு வெயிலில் நின்றவர்கள்.

"ஐயா, இந்த ஆலோசனையை வழங்க உங்களுக்கு உரிமம் கொடுத்தது யார்?" என்று கேட்டேன். "பதினைந்து ஆண்டு அனுபவம் உண்டு சார்" என்றார். கேட்ட கேள்விக்கு அது விடையாகுமா?

பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சோறு போடுபவரிடம் டைபாய்டு ஊசிச் சான்று கேட்கிறோம். தற்காலிக ஆசிரியரிடம் கல்விச் சான்றிதழ் கேட்கிறோம். ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பில் கைவைக்க வருபவரிடம் மட்டும் ஒன்றுமே கேட்காமல் ஒலிவாங்கியை நீட்டுகிறோம்! என் சினம் அந்த மனிதர் மீதன்று. மேடை கொடுத்த நம் மீதுதான்.

மூன்று தாள்கள் உள்ளன. அவற்றை நாம் பிரித்தறிய வேண்டும்.

ஒன்று, படிப்புச் சான்று. 1999இல் அமைந்த மலேசிய நிதித் திட்டமிடல் சங்கம் சி.எஃப்.பி. தகுதியையும், 2004இல் அமைந்த மலேசிய நிதித் திட்டமிடல் மன்றம் ஆர்.எஃப்.பி. தகுதியையும் வழங்குகின்றன. இவை தேர்வில் தேறியதற்கான அடையாளங்கள், மதிக்கத்தக்கவை. ஆனால், தொழில் நடத்த இவை மட்டும் போதா.

இரண்டு, உரிமம். 2007ஆம் ஆண்டின் மூலதனச் சந்தை, சேவைகள் சட்டத்தின்படி, நிதித் திட்டமிடுநராகத் தொழில் செய்பவர் பங்குப் பத்திர ஆணையத்தின், அதாவது செக்யூரிட்டீஸ் கமிஷனின், உரிமம் பெற்றிருக்க வேண்டும்.

மூன்று, விற்பனைப் பதிவு. யூனிட் டிரஸ்ட் முகவர் ஃபிம் கூட்டமைப்பில் பதிந்திருப்பார். காப்புறுதி முகவர் தம் நிறுவனத்தின் சார்பில் விற்பார். விற்பது குற்றமன்று. விற்பவர் தம்மை வழிகாட்டி என்று சொல்லிக்கொள்வதே குற்றம். 'வல்லுநர்', 'செல்வ ஆலோசகர்' என்றெல்லாம் முகவரி அட்டையில் போட உரிமம் வேண்டுமா என்ன? அச்சகக் கூலி போதுமே!

அந்தப் பணம் உண்மையில் சும்மா கிடக்கிறதா? 2023க்குச் சேமநிதி வாரியம் 5.50 விழுக்காடும், 2024க்கு 6.30 விழுக்காடும் இலாப ஈவு கொடுத்தது. ஆண்டுக்கு 2.5 விழுக்காட்டிற்குக் குறையாமல் கொடுக்கச் சட்டமே உறுதி செய்கிறது. உறுப்பினர் முதலீட்டுத் திட்டத்தின்கீழ், அடிப்படைச் சேமிப்புக்கு மேலுள்ள தொகையில் 30 விழுக்காடு வரை வெளி நிதிகளுக்கு மாற்றலாம். மாற்றிய தொகைக்கு அந்த ஈவு இல்லை. முகவர் வழியாகச் சென்றால் முன்கட்டணம் 3 விழுக்காடு வரை போகும். பத்தாயிரம் வெள்ளியில் முந்நூறு வெள்ளி முதல் நாளே கழிந்துவிடும். இதை அந்த மேடையில் எவரும் சொல்லவில்லை.

நம் மக்கள் நம்பிப் பழகியவர்கள். 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் மாதம் பத்து வெள்ளி கட்டித் தோட்டங்களுக்கே உரிமையாளர் ஆனார்கள். அதே நம்பிக்கையோடு 1984இல் மைக்கா ஹோல்டிங்ஸ் பங்குகளை வாங்கினார்கள். நகையை அடகு வைத்து வாங்கியவர்களும் உண்டு. ஒரு வெள்ளிப் பங்குக்கு 2010இல் வந்த விலை எண்பது காசு. அன்று மேடையும் தெரிந்த முகமுமே நற்சான்றாக இருந்தன. இன்றும் அப்படியேதானா?

"உரிமம் பெற்றவர் புக்கிட் ரோத்தானுக்கும் ஈஜோக்கிற்கும் வருவாரா? முகவர்தானே வீடு தேடி வருகிறார்" என்பர் சிலர். உண்மைதான். ஆனால், சேமநிதி வாரியமே பணி ஓய்வு ஆலோசனையை இலவசமாக வழங்குகிறது. கடன் சுமை இருந்தால் ஏ.கே.பி.கே. இருக்கிறது, அதற்கும் கட்டணம் இல்லை. அங்கே போக ஒருநாள் கூலி போகலாம். வாழ்நாள் சேமிப்பு போகாது.

ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மாலையில் முகவராக இருக்கும் ஆசிரியர்கள் நம்மிடையே உள்ளனர். 1993ஆம் ஆண்டின் அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளின்படி, வெளிவேலைக்குத் துறைத்தலைவரின் முன் அனுமதி வேண்டும். அனுமதி பெற்றவராயினும், தம் மாணவரின் பெற்றோரிடம் விற்கலாமா? பிள்ளையின் ஆசிரியரிடம் "வேண்டாம்" என்று சொல்ல எந்தத் தாய்க்கு வாய் வரும்?

ஆகவே, பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் பின்வருவனவற்றைச் செய்யட்டும்:

1. பேச வருபவரின் பெயரை ஆணையத்தின் உரிமப் பதிவேட்டிலும், ஆணையமும் பேங்க் நெகாராவும் வெளியிடும் எச்சரிக்கைப் பட்டியல்களிலும் முன்கூட்டியே தேடுக.
2. விற்பனைத் தரகு பெறுபவராயின், அதை மேடையிலேயே அறிவிக்கச் செய்க.
3. கூட்ட நாளில் எவரும் எந்தப் படிவத்திலும் கையெழுத்திட வேண்டாம்.

வள்ளுவர் 'தெரிந்து தெளிதலை' 51ஆம் அதிகாரமாகவும், 'பொருள் செயல்வகையை' 76ஆம் அதிகாரமாகவும் வைத்தார். தெளிதல் முன்னே, பொருள் பின்னே. பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நாம் இந்த வரிசையைக் கூட்டத்திலும் கடைப்பிடிப்போம்.