ஜானகியும் நாலணாவும்

பரண் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று ஏறியது என் தப்பு. அப்பாவின் பழைய ரெக்கார்டு பிளேயர் கிடைத்தது. கூடவே 1976-ல் வந்த ‘அன்னக்கிளி’ இசைத்தட்டு. துடைத்து பிளக்கைச் சொருகினால், அட, சுற்றுகிறது! ஆனால் எஸ்.ஜானகி ஒரு வரியை முடிப்பதற்குள் முள் துள்ளி அடுத்த வரிக்குத் தாவுகிறது.

விழுப்புரத்தில் எங்கள் ஆபீஸில் இதை உளறித் தொலைத்தேன். ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். தட்டுக்கு அடியில் போட கார்க் மேட், அதிர்வு தாங்க நாலு ரப்பர் கால், தூசு தட்ட கார்பன் ஃபைபர் பிரஷ், தட்டின் நடுவில் உட்கார வைக்க பித்தளை வெயிட். பார்சல் வர வர என் மனைவி எண்ணிக்கொண்டே இருந்தாள்.

“இந்தக் காசுக்கு ஜானகியம்மாவையே நேர்ல பார்த்துட்டு வந்திருக்கலாம்.”

பிரஷ் மட்டும் உருப்படி. பித்தளையை வைத்ததும் கிழட்டு மோட்டார் திணறி, ஜானகிக்கு ஜலதோஷம் பிடித்துவிட்டது. துள்ளல் அப்படியே.

திண்டிவனத்தில் அப்பாவின் சிநேகிதர் ஒருவர் இருக்கிறார். ஒரு காலத்தில் சுற்றுவட்டாரக் கல்யாணம், காதுகுத்து, கூழ் ஊத்தற திருவிழா எல்லாவற்றுக்கும் அவர் மைக் செட்தான். பிளேயரை மடியில் வைத்து பஸ்ஸில் போனேன். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கிழித்தார்.

பெரியவர் பார்த்த உடனே சிரித்தார். “இது இன்னா தம்பி, கம்பெனியே வச்சுக் குடுத்துதா?”

ஆர்மின் தலையில், டேப் போட்டு ஒட்டிய ஒரு நாலணா! நான் அதை பார்ட்ஸ் என்றல்லவா நினைத்திருந்தேன். தேய்ந்த முள் துள்ளாமலிருக்க அப்பா செய்த உபாயம். 2011 ஜூன் 30-உடன் செல்லாமல் போன காசு எங்கள் வீட்டில் மட்டும் டியூட்டி பார்த்திருக்கிறது.

“இந்த மாதிரி பிளேயருக்கு நாலஞ்சு கிராம் பாரம் போதும். நாலணா கிட்டத்தட்ட மூணு கிராம். முள்ளு முனை எம்மாத்தூண்டு? அந்த இடத்துல அழுத்தம் டன் கணக்கு. பாட்டு கேக்கலப்பா உங்கப்பா, ஏர் ஓட்டியிருக்காரு.”

காசை எடுத்தார். புது முள் மாட்டினார். “தட்டைக் கழுவ ஸ்பிரிட் வாங்கியிருந்தா, 78 சுத்து தட்டுல மட்டும் தொட்டுடாதே. அது அரக்கு, கரைஞ்சுடும்” என்றார். அவர் மேஜையில் ஜானகி துள்ளாமல் பாடினார்.

வீட்டுக்கு வந்து போட்டால், மறுபடி துள்ளல்! போன் போட்டேன்.

“ரசமட்டம் இருக்கா?”

பக்கத்து வீட்டுக் கொத்தனாரிடம் வாங்கி பிளேயர் மேல் வைத்தேன். குமிழி விறுவிறுவென்று ஓரத்துக்கு ஓடியது. அலமாரியே கோணல். ஒரு காலுக்கடியில் காலண்டர் அட்டையை மடித்துச் செருகினேன். துள்ளல் நின்றது. செலவு பூஜ்யம்.

ஆனால் ஒரே ஒரு பாட்டில் சரசரவென்று மணல் வறுக்கிற சத்தம். திரும்பப் போன் போட்டேன்.

“அது போனது போனதுதான் தம்பி. உழுத பள்ளத்தை எந்தச் சாமானும் மூடாது.”

மற்றப் பாட்டெல்லாம் பளிச்சென்றுதான் இருக்கிறது. அந்த ஒன்றை மட்டும் அப்பா அத்தனை தடவை கேட்டிருக்கிறார். என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத்தான் முதலில் போடுகிறேன்.

பித்தளை வெயிட் இப்போது ஆபீஸில், ஃபேனுக்கு நேர் கீழே, பென்டிங் ஃபைல்களின் மேல்.