விளையாட்டா இது?

அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்போர் நான்கு பேர் கூடினால் ஒரு பேச்சு தவறாமல் எழுகிறது. "உன்னுடைய முதல் ரைபிள் எது? எந்த வருஷம் வாங்கினாய்? என்ன விலை கொடுத்தாய்?" கேட்டவுடன் முகம் மலர்ந்துவிடுகிறது. பட்டாளத்திலிருந்து திரும்பிய கையோடு வாங்கியதை ஒருவர் சொல்கிறார். ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த கூலியில் வாங்கியதை இன்னொருவர் சொல்கிறார். கடைக்குத் தகப்பனாரும் கூட வந்ததை மூன்றாமவர் நினைவுபடுத்திக் கொள்கிறார்.

இந்த ஞாபகங்களை நாம் கேலி செய்யவில்லை. உழைத்துச் சேர்த்த காசில் வாங்கிய முதல் பொருள், அது சைக்கிளானாலும் சரி, கைக்கடிகாரமானாலும் சரி, எந்தத் தொழிலாளிக்கும் மறப்பதில்லை. ஆனால் அந்தப் பொருளுக்கு அவர்கள் வழங்கும் பெயர்தான் நம் கவனத்தை இழுக்கிறது. "நவீன விளையாட்டு ரைபிள்" என்கிறார்கள்.

விளையாட்டுத் துப்பாக்கி என்றால் நமக்குத் தெரியும். தீபாவளிக்குப் பொட்டு வெடி வைத்துப் பிள்ளைகள் சுடுவது அது. அமெரிக்காவில் அந்தப் பெயரைத் தாங்கி நிற்பதோ ஏ.ஆர்.15 என்னும் ரைபிளும் அதன் வகையறாக்களும். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா. இழுக்க இழுக்கச் சுட்டுக்கொண்டே போகும். ஒரு கூட்டில் 30 தோட்டாக்கள். காலியான கூட்டைக் கழற்றி வேறு கூடு மாட்டச் சில விநாடிகள் போதும். தோட்டாவின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். கைத்துப்பாக்கித் தோட்டாவின் வேகத்தைப் போல் இரு மடங்குக்கும் மேல். குறி பார்த்துச் சுடும் போட்டிக்கும், காட்டுப் பன்றி வேட்டைக்கும் இதைக் கொண்டு செல்வோர் உண்டு என்பது உண்மையே. ஆனால் விளையாட்டுக்கென்று பிறந்த கருவியா இது?

இந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று பாருங்கள். வாங்கியவர் வைக்கவில்லை, வேட்டைக்காரர் வைக்கவில்லை. விற்பவர் வைத்தார்! துப்பாக்கி முதலாளிகள், வியாபாரிகளின் சங்கமான நேஷனல் ஷூட்டிங் ஸ்போர்ட்ஸ் பவுண்டேஷன் 2009-ல் இந்தப் பெயரைப் புழக்கத்தில் விட்டது. "தாக்குதல் ஆயுதம்" என்று ஜனங்கள் சொல்லி வந்தது வியாபாரத்துக்கு இடைஞ்சலாக இருந்தது. ஆகவே "தாக்குதல்" போயிற்று, "விளையாட்டு" வந்தது. சரக்கு மாறவில்லை, சீட்டு மாறியது.

சரக்கின் ஜாதகம் என்ன? 1950-களின் பிற்பகுதியில், பேர்சைல்ட் என்ற விமானக் கம்பெனியின் கிளையான ஆர்மலைட்டில், யூஜின் ஸ்டோனர் என்ற நிபுணர் இதை வடிவமைத்தார். ஏ.ஆர். என்ற எழுத்துக்கள் அந்தக் கம்பெனியின் பெயரைக் குறிப்பவை. சிப்பாய் சுமப்பதற்குப் பாரம் குறைவாக இருக்க வேண்டும், நிறையத் தோட்டா கொண்டுபோக வேண்டும் என்பதே நோக்கம். 1959-ல் கோல்ட் கம்பெனி உரிமையை வாங்கியது. 1962-ல் ஆயிரம் ரைபிள்கள் தென் வியட்நாமுக்குச் சோதனைக்காக அனுப்பப்பட்டன. அந்தத் தோட்டா மனித உடலை என்ன பாடு படுத்தியது என்பதை உறுப்பு உறுப்பாக எழுதி, அதிகாரிகள் மெச்சி அறிக்கை அனுப்பினார்கள். எம்.16 என்ற பெயரில் அமெரிக்கப் பட்டாளம் முழுவதும் தூக்கிய ரைபிள் இதுதான்.

ஆகவே இந்த ரைபிளின் முதல் ஞாபகம் எது? அமெரிக்கக் கடைவாசலில் தகப்பனும் மகனும் நின்றதல்ல. வியட்நாமின் வயல்வெளியில் கிடந்த மனிதனின் ஞாபகம் அது. பிறகு, கட்டாய ராணுவச் சேவைக்குப் பிடித்து அனுப்பப்பட்ட அமெரிக்க ஏழை வீட்டுப் பையன்களின் ஞாபகமும் சேர்ந்தது. தோட்டாவின் மருந்தை மாற்றிவிட்டு, துடைக்கும் கருவிகளைக்கூடச் சரியாகக் கொடுக்காமல் அவர்களைப் போர்முனைக்கு அனுப்பினார்கள். சண்டை நடுவே ரைபிள் சிக்கிக்கொண்டு செத்தவர்கள் உண்டு. 1967-ல் அமெரிக்கக் காங்கிரஸ் கமிட்டியே இதை விசாரித்து ராணுவ அதிகாரிகளைக் கடுமையாகக் கண்டித்தது.

யுத்தத்துக்கு விற்ற சரக்கை ஊருக்குள்ளும் விற்றால் என்ன? தொடர்ந்து சுடும் ஏற்பாட்டை மட்டும் நீக்கிவிட்டு, 1964-ல் "ஸ்போர்ட்டர்" என்று பெயர் சூட்டி கோல்ட் கம்பெனி கடைக்கு அனுப்பியது. விளையாட்டு வேஷம் அன்றைக்கே தொடங்கிவிட்டது. ஆனால் பழைய வேட்டைக்காரர்கள் அதை அவ்வளவாக விரும்பவில்லை. 1977-ல் காப்புரிமை காலாவதியானதும் மற்றக் கம்பெனிகளும் செய்யத் தொடங்கின. 1994-ல் இவ்வகை ஆயுதங்கள் பலவற்றின் புதிய விற்பனையைச் சட்டம் தடுத்தது. பத்தாண்டுக் கெடு முடிந்ததும், 2004-ல், தடையைச் சாகவிட்டார்கள். 2005-ல் இன்னொரு சட்டம் வந்தது: துப்பாக்கியால் நடக்கும் குற்றத்துக்காக, சில விதிவிலக்குகள் தவிர, அதைச் செய்த கம்பெனி மீது வழக்குத் தொடர முடியாது! செருப்பு கடித்தால் கடைக்காரனைக் கேட்கலாம். துப்பாக்கி கொன்றால் கேட்கக்கூடாது. இத்தனை வசதிகளும் செய்து கொடுத்த பிறகு, 2009-ல் அந்தப் புதுப்பெயரும் வந்து சேர்ந்தது.

இனி "முதல் ரைபிள்" ஞாபகங்களில் அடிக்கடி வரும் வருஷங்களைப் பாருங்கள். 1994: தடை வருமுன் வாங்கிவிட வேண்டும் என்ற ஓட்டம். 2008: ஒபாமா ஜெயித்துவிட்டார், பறித்துவிடுவார் என்ற பீதி. 2012 டிசம்பர்: பள்ளிக்கூடக் கொலை நடந்துவிட்டது, சட்டம் வரப்போகிறது என்ற பீதி. துப்பாக்கி வாங்குவோர் மீது நடத்தும் பின்னணிச் சோதனைகள் அந்த ஒரே மாதத்தில் 27 லட்சத்தைத் தாண்டின. அதுவரை எந்த மாதத்திலும் காணாத எண்ணிக்கை. 2020: கொள்ளைநோய்ப் பீதி. அவ்வருஷம் சோதனைகள் 3 கோடி 90 லட்சத்துக்கும் மேல். ஒவ்வொரு சோதனையும் ஒரு விற்பனை அல்ல. ஆனால் சந்தை எந்தத் திசையில் ஓடியது என்று காட்ட இது போதும். விளையாட்டுச் சாமான் விற்பதற்குப் பீதி எதற்கு? பந்து வாங்க யாராவது பயந்து ஓடுகிறார்களா?

பயம் போதாத இடத்தில் மானத்தைத் தொட்டார்கள். இந்த ரைபிளை வாங்கினால்தான் ஆண்பிள்ளை என்ற அத்தாட்சி திரும்பக் கிடைக்கும் என்ற பொருள்பட புஷ்மாஸ்டர் கம்பெனி விளம்பரம் செய்தது. கையில் காசில்லாதவனுக்குத் தவணைக் கடன் வழியும் திறந்தது. 2022-ல் அமெரிக்கக் காங்கிரஸ் கமிட்டி வெளியிட்ட கணக்குப்படி, ஐந்து கம்பெனிகள் மட்டும் பத்தாண்டுகளில் இவ்வகை ரைபிள் விற்று வாங்கிய பணம் 100 கோடி டாலருக்கும் அதிகம். நாட்டில் இவ்வகை ரைபிள்கள் 2 கோடி 40 லட்சத்துக்கும் மேல் இருப்பதாக அதே ஆண்டில் வியாபாரிகள் சங்கம் பெருமையுடன் அறிவித்தது.

வைத்திருப்போரில் மிகப் பெரும்பாலோர் ஒருவருக்கும் தீங்கு செய்ததில்லை என்பதை நாம் மறுக்கவில்லை. அமெரிக்காவில் 2021-ல் துப்பாக்கியால் மாண்ட 48,830 பேரில் பாதிக்கும் மேற்பட்டோர் தற்கொலை செய்து கொண்டவர்கள். கொலைகளிலும் பெரும்பாலானவற்றுக்குக் கைத்துப்பாக்கியே கருவி. இவ்வளவையும் ஒப்புக்கொண்டே கேட்கிறோம்: கூட்டமாகக் கூடியிருக்கும் மனிதர்களைச் சில நிமிஷங்களில் கொன்று குவிக்க நினைப்பவன் எதற்காக மீண்டும் மீண்டும் இந்த ரைபிளையே தேடிப் போகிறான்? அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதைச் சரியாகச் செய்கிறது என்பதைத் தவிர வேறு என்ன விடை?

2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட் மாகாணத்தின் நியூடவுன் என்ற ஊரில், 6, 7 வயதுக் குழந்தைகள் 20 பேரும் பள்ளி ஊழியர்கள் 6 பேரும் கொல்லப்பட்டார்கள். ஐந்து நிமிஷத்துக்குள் அந்த ரைபிளிலிருந்து பாய்ந்த தோட்டாக்கள் 154. ரைபிளை வாங்கியது கொலைகாரன் அல்ல. அவனைப் பெற்ற தாய். கடையில், சட்டப்படி, 2010-ல் வாங்கினார். மகனையும் சுடும் மைதானத்துக்கு அழைத்துச் சென்றவர் அவர். அன்று காலை அவன் கையால் முதலில் மாண்டவரும் அவரே. "விளையாட்டு" என்ற பெயரைப் புழக்கத்தில் விட்ட சங்கத்தின் தலைமை அலுவலகம் அப்போது எந்த ஊரில் இருந்தது தெரியுமா? அதே நியூடவுனில்!

2022 மே 24 அன்று டெக்சாஸ் மாகாணத்தின் யுவால்டேயில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் மாண்டார்கள். கொன்றவன் 18 வயது நிரம்பிய சில நாட்களிலேயே சட்டப்படி ரைபிள் வாங்கியவன். அவனுக்கும் அது "முதல் ரைபிள்"தான். இரு குழந்தைகளின் உடல்களை, உடுத்தியிருந்த துணியைக் கொண்டுதான் அடையாளம் காண முடிந்தது என்று அவ்வூர்க் குழந்தை வைத்தியர் காங்கிரஸ் கமிட்டியின் முன் சாட்சி சொன்னார். துப்பாக்கி இருந்தால் பாதுகாப்பு என்கிறார்களே, அன்று அப்பள்ளியில் திரண்ட ஆயுதபாணி அதிகாரிகள் 376 பேர். அவர்கள் உள்ளே புகுந்து அவனை வீழ்த்த 77 நிமிஷம் ஆயிற்று. எதிரே இருப்பது அந்த ரைபிள் என்ற அச்சமும் அவர்களைத் தயங்க வைத்தது.

லாபம் யாருக்குப் போயிற்று? புஷ்மாஸ்டரையும் ரெமிங்டனையும் 2006, 2007-ல் வாங்கிப் போட்டது நியூயார்க்கின் ஸெர்பரஸ் என்ற முதலீட்டுக் கம்பெனி. அதனிடம் இருந்த பணத்தில் கலிபோர்னியா ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதியும் ஒரு பகுதி! நியூடவுனில் ஆசிரியைகள் செத்த பிறகுதான், தம் சேமிப்பு எந்தத் தொழிலில் இருக்கிறது என்று ஏராளமான ஆசிரியர்களுக்குத் தெரிந்தது. அங்கே உற்றாரை இழந்த ஒன்பது குடும்பங்கள் விளம்பரத்தைச் சுட்டிக்காட்டி வழக்காடி, 2022-ல் 7 கோடி 30 லட்சம் டாலர் நஷ்ட ஈடு பெற்றன. அதையும் கட்டியவை இன்ஷூரன்ஸ் கம்பெனிகள்.

ரைபிளைச் செய்த தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? நியூயார்க் மாகாணத்தின் இலியான் ஊரில் ரெமிங்டன் ஆலை தலைமுறை தலைமுறையாக நடந்தது. 2020-ல் கம்பெனி திவாலென்று அறிவித்து, ஏறத்தாழ 600 தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பியது. சேர வேண்டிய விலகல் தொகை இல்லை, விடுமுறைச் சம்பளம் இல்லை, கொள்ளைநோய்க் காலத்தில் வைத்தியக் காப்பும் இல்லை. புது முதலாளி வந்தார், கொஞ்ச காலம் நடத்தினார், 2024-ல் ஆலையை மூடிவிட்டு ஜார்ஜியாவுக்குப் போனார். பாட்டன் காலத்திலிருந்து துப்பாக்கி செய்த ஊர் அது. அத்தனை துப்பாக்கிகளில் ஒன்றாவது ஒரு தொழிலாளியின் வேலையைக் காப்பாற்றியதா? அவர்களுக்காக வாதாடியது அவர்களுடைய சங்கம் ஒன்றுதான்.

"இந்த ரைபிள் எங்கள் சுதந்திரத்தின் காவல்" என்று சொல்வோருக்கு ஒரு சரித்திரத்தை நினைவூட்டுகிறோம். 1967-ல் கலிபோர்னியாவில் கறுப்பு இளைஞர்கள், அன்றைய சட்டம் அனுமதித்தபடியே, துப்பாக்கியைப் பகிரங்கமாக ஏந்தி வந்தார்கள். உடனே சட்டம் மாறிற்று. தோட்டா போட்ட துப்பாக்கியைப் பொது இடத்தில் ஏந்துவதற்குத் தடை! கையெழுத்திட்டவர் கவர்னர் ரீகன். யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் துப்பாக்கி சுதந்திரமா, குற்றமா என்று தீர்மானமாகிறது.

வேறு வழி இல்லையா? இருக்கிறது. 1996-ல் ஆஸ்திரேலியாவின் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்டார்கள். அங்கே ஆண்டது இடதுசாரி சர்க்கார் அல்ல, பழமைவாதிகளின் சர்க்கார். இருந்தும் இவ்வகை ரைபிள்களைத் தடுத்து, விலை கொடுத்து, ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கி அழித்தது. 2019-ல் நியூஸிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் மாண்டபோது, ஒரு மாதத்துக்குள் சட்டம் நிறைவேறியது. அந்த நாடுகளில் வேட்டை நின்றுவிடவில்லை. சுடும் போட்டியும் நின்றுவிடவில்லை.

ஆகவே அமெரிக்காவில் குழந்தைகளைப் பறிகொடுத்த பெற்றோர்களும், வகுப்பறைக் கதவைத் தாழிட்டு ஒளிந்துகொள்ளப் பழக்கப்படும் மாணவர்களும் எழுப்பும் கோரிக்கைகள் நியாயமானவை. கம்பெனிகளுக்குக் கவசமாக நிற்கும் 2005-ம் வருஷச் சட்டம் ரத்தாக வேண்டும். யுத்தத்துக்குச் செய்த ஆயுதம் கடைத்தெருவில் விற்கப்படுவது நிற்க வேண்டும். இருப்பவற்றை உரிய விலை கொடுத்து சர்க்கார் திரும்பப் பெற வேண்டும். உழைத்து வாங்கியவன் நஷ்டப்பட வேண்டியதில்லை.

அந்த நாட்டுத் தொழிலாளிக்கு நாம் சொல்வது இதுதான். உங்கள் தகப்பனாருடன் கடைக்குப் போன ஞாபகம் உங்களுடையது. அதை எவரும் பறிக்கப் போவதில்லை. ஆனால் உங்கள் கையில் கொடுத்த சாமானின் உண்மைப் பெயரை உங்களிடமிருந்து மறைத்தார்கள். அந்தப் பெயரைக் கேட்டு வாங்குங்கள்.