சிரிப்பதற்கும் ஓர் இடம் வேண்டும்



சென்ற வருடம் எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவோடு ஒரு கார்னிவேலும் வந்திருந்தது. தன் இரண்டு பிள்ளைகளையும் இராட்டினத்தில் ஏற்றிவிட்டுக் கீழே நின்ற ஒரு தாயிடம், "நீங்களும் ஏறலாமே" என்றேன். "ஏறலாம் அக்கா. ஆனா நாலு சனம் என்ன சொல்லும்? மனுசன் இல்லாதவள் சிரிச்சுக்கொண்டு சுத்துறாள் எண்டுதானே சொல்லும்" என்றார்.

அவர் சொன்ன பதில் பல நாட்களாக என் மனதை விட்டு அகலவில்லை. அதனால்தான் உலகத்து ஊர்களை அறியும் இப்பகுதியில் இம்மாதம், சிரிப்பதற்கென்றே உருவான ஒரு கடலோர ஊரைப் பற்றி எழுதுகிறேன். அமெரிக்காவின் நியூயோர்க் நகரில், புரூக்ளின் பகுதியின் தென்கோடியில் இருக்கும் கோனி ஐலண்ட்தான் அது. பெயரில் தீவு என்று இருந்தாலும், இடையில் ஓடிய ஓடையின் ஒரு பகுதி தூர்க்கப்பட்டதால் இன்று அது நிலத்தோடு சேர்ந்துவிட்டது.

ஐந்து சதக் கடற்கரை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே முதலில் கடற்காற்று வாங்க வந்தவர்கள் வசதி படைத்தவர்களே. அவர்களுக்காகப் பெரிய விடுதிகள் எழுந்தன. பின்னர் 1897 இல் ஜோர்ஜ் டில்யூ என்பவர் 'ஸ்டீப்பிள்சேஸ்' என்ற களியாட்டப் பூங்காவைத் திறந்தார். 1903 இல் 'லூனா பார்க்', 1904 இல் 'ட்றீம்லாண்ட்' என்று மேலும் இரண்டு பூங்காக்கள் வந்தன. வீடுகளில் மின்சாரம் அரிதாக இருந்த அந்தக் காலத்தில், இலட்சக்கணக்கான மின்விளக்குகள் கடலோரத்தில் எரிவதைப் பார்க்கவே சனம் திரண்டது.

1920 இல் நகர ரயில் அந்தக் கரைவரை வந்தது. கட்டணம் வெறும் ஐந்து சதம். அதன்பிறகு அது ஏழைகளின் கடற்கரையாகிவிட்டது. கோடைகால ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து இலட்சம் பேர்வரை கூடினார்கள் என்று சொல்லப்படுகிறது. இத்தாலியிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் போலந்திலிருந்தும் பிழைப்புத் தேடி வந்து, ஒரே அறையில் ஏழெட்டுப் பேராக வாழ்ந்தவர்கள் அவர்கள். வாரத்தில் ஆறு நாள் ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருந்த இளம்பெண்கள், ஏழாம் நாள் காலை நீட்டி மணலில் அமர்ந்தார்கள். நம் பிள்ளைகள் பலரும் இன்று ஆடைத் தொழிற்சாலைகளில்தானே இருக்கிறார்கள்? அந்த ஒரு நாளின் அருமை நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் ரயில் வந்தும் கடல் எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. கரையின் பெரும் பகுதியைத் தனியார் வேலியடைத்து வைத்திருந்தார்கள். குளிப்பதற்குப் பணம் கட்ட வேண்டும். நகர நிர்வாகம் அந்தக் கரையைப் பொதுவாக்கி, 1923 இல் பலகைகளால் ஆன அகன்ற நடைபாதையைத் திறந்த பின்னரே யாரும் காசு கொடுக்காமல் கடலில் கால் நனைக்க முடிந்தது. சுமார் 4 கிலோமீற்றர் நீளமான அந்த நடைபாதை இன்றும் இருக்கிறது.

சிரிப்பில் இருந்த முள்

அங்கே நடந்ததெல்லாம் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. ஸ்டீப்பிள்சேஸ் பூங்காவில் ஒரு வேடிக்கை இருந்தது. குதிரைச் சவாரி முடிந்து வெளியே வரும் பெண்களின் பாவாடையைத் தரையிலிருந்து பீறிடும் காற்று மேலே தூக்கும். அதைக் கண்டு சிரிப்பதற்கென்றே ஒரு கூட்டம் ஆசனம் போட்டு உட்கார்ந்திருக்கும். 1905 இல் பிலிப்பைன்ஸ் நாட்டின் இகொரொட் மலைவாழ் மக்களைக் கொண்டுவந்து, வேலிக்குள் குடிசை கட்டி, காட்சிப் பொருளாக வைத்தார்கள். அவர்களை அழைத்து வந்தவர் அவர்களின் கூலியையும் ஏமாற்றினார்.

துயரத்தைப் பிறர் வேடிக்கை பார்ப்பதன் வலி நமக்குத் தெரியும். முகாம் வாசலில் வரிசையில் நின்றபோது எத்தனை கமராக்கள் நம்மைப் பார்த்தன! ஆகவே அடுத்து நான் சொல்லப்போவதைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

கண்ணாடிப் பெட்டிக் குழந்தைகள்

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை அன்றைய வைத்தியசாலைகள் பெரும்பாலும் கைவிட்டுவிட்டன. அக்காலத்தில் மார்ட்டின் கூனி என்பவர், 1903 முதல் 1943 வரை கோனி ஐலண்டில் அந்தச் சிசுக்களை இன்கியூபேட்டர் எனப்படும் சூடான கண்ணாடிப் பெட்டிகளில் வைத்து வளர்த்தார். வெளியில் ஒரு பக்கம் ஊஞ்சல், மறுபக்கம் வித்தைக் கூடாரம். உள்ளே ஒரு கைக்குள் அடங்கும் குழந்தைகள். பார்வையாளர்கள் 25 சதம் கொடுத்து உள்ளே வந்தார்கள். பெற்றோரிடம் அவர் ஒரு சதமும் வாங்கவில்லை. அந்த 25 சதத்தில்தான் தாதிமாரின் சம்பளமும் தாய்ப்பால் கொடுக்க அமர்த்தப்பட்ட பெண்களின் செலவும் நடந்தன.

கூனி முறையாக வைத்தியப் பட்டம் பெற்றவர் என்பதற்கு இன்றுவரை சான்று கிடைக்கவில்லை. ஆனால் அவருடைய பல இடத்துக் காட்சிக் கூடங்களுக்கும் வந்த ஏறத்தாழ 8,000 குழந்தைகளில் 6,500 பேர் வரை உயிர் பிழைத்ததாகக் கணக்கிடப்படுகிறது. அவருடைய சொந்த மகளும் குறைமாதத்தில் பிறந்தவர்தான்; வளர்ந்து அங்கேயே தாதியாகப் பணிபுரிந்தார். 1920 இல் இரண்டு இறாத்தல் நிறையுடன் பிறந்த இன்னொரு பெண் குழந்தையை, பிழைக்காது என்று வைத்தியசாலை சொன்ன பிறகு, தகப்பனார் போர்வையில் சுற்றி வாடகைக் காரில் அங்கே கொண்டு ஓடினார். அந்தக் குழந்தை 96 வயதுவரை வாழ்ந்து 2017 இல் காலமானார்.

பிள்ளையைக் காட்சியில் வைப்பதா என்று நாம் கேட்கலாம். வேறு வழியில்லாத தாய்மார், உயிர்தான் பெரிது என்று கொடுத்தார்கள். நானாக இருந்தாலும் கொடுத்திருப்பேன்.

எரிந்தும் எழுந்த ஊர்

பலகையாலும் சாந்தாலும் கட்டிய ஊர் என்பதால் நெருப்பு அதை விடவில்லை. 1907 இல் ஸ்டீப்பிள்சேஸ் எரிந்தது. டில்யூ மறுநாளே பத்துச் சதம் வாங்கிக்கொண்டு சாம்பலைப் பார்க்கச் சனத்தை உள்ளே விட்டார். பின்னர் அதே இடத்தில் மீண்டும் பூங்காவைக் கட்டினார். 1911 மே 27 ஆம் திகதி ட்றீம்லாண்ட் முழுவதும் சாம்பலானது. அங்கிருந்த சிசுக்கள் அனைவரும் பாதுகாப்பாக வெளியே கொண்டுவரப்பட்டார்கள். கூண்டுகளில் இருந்த மிருகங்கள் பலவற்றுக்கு அந்த அதிர்ஷ்டம் இருக்கவில்லை. 1944 இல் லூனா பார்க்கும் எரிந்தது.

நெருப்பைவிட மோசமாக அந்த ஊரை அழித்தது மனிதர்களின் திட்டம். 1964 இல் மூடப்பட்ட ஸ்டீப்பிள்சேஸைத் தொடர்மாடி கட்டுவதற்காக வாங்கிய ஃப்ரெட் ட்ரம்ப் (பிற்கால ஜனாதிபதியின் தந்தை), 1966 இல் விருந்தினரை அழைத்து, அதன் கண்ணாடி முகப்பில் கல்லெறிய வைத்து இடித்தார். ஆனால் தொடர்மாடிக்கு அனுமதி கிடைக்கவில்லை. பல ஆண்டுகள் அது வெறுங்காணியாகவே கிடந்தது. அதே காலத்தில் 'நகரப் புனரமைப்பு' என்ற பெயரில் அயலிலிருந்த சிறிய வீடுகள் இடிக்கப்பட்டு, ஏழைக் குடும்பங்கள் உயர்ந்த அடுக்குமாடிகளில் குடியேற்றப்பட்டன. வீடு கிடைத்தது, ஆனால் கடையும் தொழிலும் போதியளவு வரவில்லை. மீள்குடியேற்றம் என்ற சொல்லின் அர்த்தம் அறிந்த நமக்கு இது புதிதல்ல.

அந்த நாட்களிலும் ஊரின் உயிரைக் காத்தவர்கள் சிறு குடும்பங்கள்தான். போலந்திலிருந்து வந்த நேதன் ஹான்ட்வேர்க்கரும் மனைவி ஐடாவும் 1916 இல் 300 டொலர் சேமிப்போடு தொடங்கிய ஐந்து சத ஹொட் டோக் கடை இன்றும் அங்கே இருக்கிறது. மசாலாப் பக்குவம் ஐடாவினுடையது என்று அக்குடும்பத்தார் சொல்வார்கள். 1920 இலிருந்து சுழலும் 'வொண்டர் வீல்' என்ற 150 அடி உயர இராட்சத இராட்டினத்தை, தள்ளுவண்டியில் உணவு விற்ற கிரேக்கரான டீனோஸ் வூர்டெரிஸ் 1983 இல் வாங்கினார். காதலித்த காலத்தில், "என்னைக் கட்டினால் இந்தச் சக்கரத்தை உனக்கு வாங்கித் தருவேன்" என்று மனைவி லூலாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாராம்.

2012 ஒக்டோபர் 29 இல் சாண்டிப் புயலோடு கடல் ஊருக்குள் புகுந்தது. ஆழிப்பேரலையைக் கண்ட நமக்கு அந்தக் காட்சியை விவரிக்கத் தேவையில்லை. மின்சாரமின்றி, லிஃப்ட் இன்றி, அடுக்குமாடிகளின் மேல்தளங்களில் முதியவர்கள் நாட்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார்கள். அயலவர்கள் படியேறித் தண்ணீர் சுமந்தார்கள். அடுத்த வசந்தத்தில் சக்கரம் மீண்டும் சுற்றியது. பின்னர் அந்தக் கடலோரத்தில் சூதாட்ட விடுதி கட்டப் பெரிய திட்டமொன்று வந்தது. ஊர் மக்களில் பலர் எதிர்த்தார்கள். 2025 செப்டெம்பரில் அத்திட்டம் நிராகரிக்கப்பட்டது.

சகோதரிகளே, சோறும் கூரையும்தான் முதலில் வேண்டும். அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தையல் இயந்திரத்திலிருந்து எழுந்து வந்த அந்தப் பெண்களும் வீடு, உறவு, ஊர் என்று எதையாவது இழந்தவர்கள்தான். துக்கம் தீர்ந்த பிறகு சிரிக்கலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. தீராத துக்கத்தோடேயே ஐந்து சதத்தை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனார்கள்.

இந்த வருடமும் திருவிழாவுக்குக் கார்னிவேல் வரும். அந்தத் தாயைக் கண்டால், அவருக்கும் எனக்குமாக இரண்டு ரிக்கற் எடுப்பதாக இருக்கிறேன். நாலு சனம் கீழே நின்று பார்க்கட்டும்.

அடுத்த மாதம் வேறோர் ஊரில் சந்திப்போம்.