1977, செப்டம்பர் 30

நிலவுப் பயணம் என்றதும் எல்லோர் நினைவுக்கும் வரும் தேதி 1969 ஜூலை 20. 1977 செப்டம்பர் 30-ஐ யாரும் கொண்டாடுவதில்லை. அப்பல்லோ பயணிகள் நிலவில் நிறுவிவிட்டு வந்த ஆய்வுக் கருவிகளுக்குப் பூமியிலிருந்து ஆணை அனுப்பி அவற்றை நிறுத்திய நாள் அது. புளூட்டோனியத்திலிருந்து கிடைத்த மின்சாரம் குறைந்திருந்ததே ஒழிய, தீர்ந்துவிடவில்லை. முதன்மைக் காரணம் பணம். அமெரிக்க அரசின் நிதியாண்டு முடிவதும் அதே நாளில்தான்.

அப்பல்லோ 12, 14, 15, 16 பயணங்களில் வைக்கப்பட்ட நான்கு நிலநடுக்கமானிகள் அதற்குள் 12,000-க்கும் மேற்பட்ட அதிர்வுகளைப் பதிவு செய்திருந்தன. பூமியின் ஈர்ப்பு இழுப்பதால் 700 கிலோமீட்டருக்கும் கீழே எழும் மெல்லிய நடுக்கங்கள், விண்கற்கள் மோதியதால் எழுந்தவை, அபூர்வமாக மேலடுக்கில் உண்டாகும் வலுவானவை என்று பல வகை. அப்பல்லோ 12 பயணிகள் தாய்க்கலத்துக்குத் திரும்பியபின் தங்கள் ஏறுகலத்தை வேண்டுமென்றே நிலவில் மோதவிட்டார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் அதிர்வு அடங்கவில்லை. நீரற்று, வெடிப்புகள் நிறைந்த பாறை அப்படித்தான் நடந்துகொள்ளும் என்பது அன்றுவரை யாருக்கும் தெரியாது.

கருவிகள் ஓய்ந்தபின் எஞ்சியவை காந்த நாடாக்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் யோசியோ நாகமுரா போன்ற சிலர் அவற்றைக் காப்பாற்றிப் புதிய வடிவுக்கு மாற்றி வைத்தார்கள். அதனால்தான் 2011-இல் ஆய்வாளர் ரெனே வெபர் குழுவினரால் அந்தப் பழைய பதிவுகளிலிருந்தே நிலவின் திட உட்கருவுக்கான தடயத்தை எடுக்க முடிந்தது. அப்பல்லோ 17 விட்டுவந்த கருவிகளின் பதிவுகளை 2023-இல் மறுபடி அலசியபோது இன்னொரு வேடிக்கை: நிலவின் ஒவ்வொரு காலையிலும் வெயில் பட்டு விரிந்த இறங்குகலத்தின் அடிப்பாகமே சிறு நடுக்கங்களைக் கிளப்பியிருக்கிறது. எல்லா நாடாக்களுக்கும் இந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. அப்பல்லோ 11-இன் மூல ஒளிபரப்பு நாடாக்கள் அழிக்கப்பட்டு, வேறு பதிவுகளுக்குப் பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று நாசா 2009-இல் ஒப்புக்கொண்டது.

கோபுரத் திருப்பணிக்கு நன்கொடை குவியும், அன்றாட விளக்கு எண்ணெய்க்கு ஆள் தேட வேண்டியிருக்கும். விண்வெளியிலும் அதே கதைதான்.

மனிதர் போக வேண்டுமா, எந்திரம் போதுமா என்ற பழைய விவாதம் நமக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. மனிதக் கைகள்தான் அந்த நான்கு நிலையங்களையும் நட்டன. அப்பல்லோ 16-இல் ஜான் யங்கின் கால் தடுக்கிக் கம்பி அறுந்து வெப்ப ஓட்டத்தை அளக்கும் கருவி வீணாய்ப் போனதும் மனிதரால்தான். யார் போனாலும் அடுத்த இருபது ஆண்டுகளுக்கு அங்கிருந்து வரும் சேதியைக் கேட்க யார் இருப்பார்கள் என்பதே நம் கேள்வி. 2023 ஆகஸ்ட் 23-இல் இறங்கிய சந்திரயான்-3-இலும் ஒரு நிலநடுக்கமானி இருந்தது. 26-ஆம் தேதி அது இயற்கையானதாகத் தோன்றிய ஓர் அதிர்வைப் பிடித்தது. இரண்டே வாரத்தில் நிலவின் இரவு வந்தது. அந்தக் குளிரைத் தாங்க வெப்பமூட்டி இல்லாத கலம் பிறகு விழிக்கவில்லை. ஒரு நிலவுப் பகலுக்கென்றே வடிவமைக்கப்பட்டது அது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒற்றைக் கருவியை இரண்டு வாரம் வைத்துக்கொண்டு நிலவின் வயிற்றை அறிய முடியாது.

2040-க்குள் இந்தியர் ஒருவர் நிலவில் கால் வைக்க வேண்டும் என்று அரசு இலக்கு வைத்திருக்கிறது. ஏவுகலத்துக்கும் விண்வெளி உடைக்கும் நிதி எப்படியும் கிடைத்துவிடும், கொடிக்குச் சொல்லவே வேண்டாம். அவர் திரும்பி வந்தபின், 2060 வரை அவர் நட்டுவிட்டு வரும் கருவிகளின் பதிவுகளைப் படித்துக்கொண்டிருக்கப் போகிறவர்களின் சம்பளம் எந்தக் கணக்குத் தலைப்பில் வரும் என்று நாடாளுமன்றத்தில் யாராவது இப்போதே கேட்டு வைக்கலாம்.